ஹாமில்டன் வேட்டை நாய் வளர்ப்போருக்கு: வாரை விடாதீர்கள், மூக்குக்கு வேலை கொடுங்கள்

சுவீடனின் ஹாமில்டன்ஸ்டோவரே சாதுவான நாய். கறுப்பு முதுகு, செம்பழுப்பு உடல், வெள்ளை மார்பு, வால் நுனியிலும் வெள்ளை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான சுவீடன் கென்னல் கிளப்பை 1889இல் நிறுவியவர்களில் ஒருவரான அடால்ஃப் பேட்ரிக் ஹாமில்டனின் பெயர் இதற்கு 1921இல் சூட்டப்பட்டது. குழந்தைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் சோம்பேறி போலப் படுத்துக்கிடக்கும்.

வெளியே நிலைமை வேறு. முயலையும் நரியையும் கூட்டமாக அல்லாமல் தனியாகவே மோப்பம் பிடித்து, குரைத்தபடி துரத்துவதற்கென்று உருவாக்கப்பட்ட இனம் இது. தடம் கிடைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. அதைக் கீழ்ப்படியாமை என்று திட்டுவது அநியாயம். அதன் பிறவிக்குணமே அதுதான். ஆகவே, வேலியில்லாத இடத்தில் 10 மீட்டர் நீள வாரை மார்புப்பட்டையில் மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம். ஓடிய வேகத்தில் வார் இழுபட்டால் கழுத்து அடிபடும். சுவீடனில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை, காட்டு விலங்குகள் இருக்கும் இடங்களில் நாய்களை அலையவிடாமல் காக்கச் சட்டமே இருக்கிறது.

ஓட்டம் மட்டும் இதற்குப் போதாது. வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, புல்தரையில் வளைந்து வளைந்து இழுத்துச் சென்று, முடிவில் ஒளித்துவையுங்கள். கால் மணி நேரம் கழித்து நாயை அழைத்துவாருங்கள். மூக்கு தரையோடு ஒட்டிக்கொள்ளும், வால் விறைக்கும், மூச்சு வேகமாகும். கண்டுபிடித்ததும் அதன் முகத்தைப் பாருங்கள்! பிறகு தொங்கும் காதுகளைத் தூக்கிப் பார்த்து, ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள்.