எரிகட்டித் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஈரத்தை அளக்காமல் பிரஸ் வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் மரக்கழிவுக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகத்தைச் சுற்றிக் குவியும் உடைந்த பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு), சுங்கை காடூட் மரப்பட்டறைத் தூள், சாலையோர மரங்களைக் கழிக்கும்போது விழும் கிளைகள் என்று நிறைய இருக்கிறது. பாலம் தாண்டினால் ஜொகூரில் செம்பனைக் கொட்டை ஓடு கிடைக்கும். கலிமந்தானிலிருந்து நிலக்கரித் தூளும் வரும். இதையெல்லாம் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் போட்டு, எரிக்கிற கட்டியாக்கி விற்கலாம் என்று கிளம்பும் இளைஞர்கள் இப்போது அதிகமாகி இருக்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் கொட்டேஷன்களைப் பார்த்தால், நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தவறுகள் வரிசை மாறாமல் அப்படியே இருக்கின்றன.

கையுறை போடுங்கள், மேனுவலைப் படியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போட்ட பணத்தையே கரைத்துவிடுகிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பொருளை விட்டுவிட்டு பிரஸ்ஸைத் தேடுவது

"எந்த பிரஸ் நல்லது அண்ணே?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எதை அழுத்தப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மரத்தில் லிக்னின் என்ற இயற்கைப் பசை இருக்கிறது. நல்ல அழுத்தமும் சூடும் கிடைத்தால் அது இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மரத்தூளுக்குத் திருகு பிரஸ் (சுழலும் திருகால் தள்ளி அழுத்துவது), பிஸ்டன் பிரஸ் (முன்னும் பின்னும் இடித்து அழுத்துவது) இரண்டுமே பைண்டர், அதாவது ஒட்டும் பசை, இல்லாமல் வேலை செய்யும். திருகு பிரஸ்ஸில் வரும் கட்டி நடுவில் துளையோடு, கெட்டியாக, பார்வையாக இருக்கும். ஆனால் அது கேட்கிற தூள் நைசாகவும் நன்றாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். பிஸ்டன் பிரஸ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சற்றுப் பெரிய சீவலையும், கொஞ்சம் கூடுதல் ஈரத்தையும் ஏற்கும், தேய்மானமும் குறைவு.

கரித்தூளின் கதை வேறு. மரமோ தேங்காய்ச் சிரட்டையோ, கரியாக்கும்போதே லிக்னின் போய்விடுகிறது. நிலக்கரித் தூளும் பெரும்பாலும் தானாக ஒட்டாது. அதற்கு பைண்டர் கலந்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தும் ரோலர் பிரஸ்ஸில் தலையணை வடிவக் கட்டியாக எடுப்பதுதான் வழக்கம். மரத்தூளை ரோலர் பிரஸ்ஸில் போட்டால் வெளியே வந்ததும் உப்பிப் பிளந்துவிடும். கரித்தூளைச் சூடான திருகு பிரஸ்ஸில் போட்டால் தூளாகவே வெளியே வரும். ஒரே இயந்திரத்தில் இரண்டையும் செய்து தருகிறேன் என்பவரிடம், உங்கள் மூட்டையைக் கொடுத்து உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஈரத்தை அளக்காமல் முன்பணம் கட்டுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருவதும் இதில்தான்.

விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார். டையிலிருந்து (கட்டிக்கு வடிவம் தரும் அச்சுக்குழாய்) பளபளவென்று கட்டி நகர்ந்து வரும். கீழே மணிக்கு இத்தனை கிலோ என்று போட்டிருக்கும். அதில் ஓடுவது 8 அல்லது 10 விழுக்காடு ஈரத்துக்குக் காயவைத்து, சலித்த தூள். நம் கையில் இருப்பதோ மழையில் நனைந்து கிடந்த கிளைகளை அரைத்த சீவல். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இந்த வீடியோவை நம்பி ஜொகூரில் ஷெட் பிடித்து, திருகு பிரஸ்ஸை இறக்கிவிட்டார். ஓடவில்லை என்ற பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். டையின் சூடு சரியாகத்தான் இருந்தது. கட்டி ஒரு சாண் வெளியே வந்ததும் நடுத்துளையிலிருந்து நீராவி சீறியது. மேற்பரப்பு மீன் செதில் மாதிரி வரிவரியாகப் பிளந்தது. அப்புறம் டப்பென்ற சத்தத்தோடு ஒரு துண்டு தெறித்து எதிர்ச்சுவரில் மோதியது. தூள் கொட்டும் ஹாப்பர் வழியாகவும் புகையும் தூளும் திருப்பி அடித்தன. அந்த நேரத்தில் டைக்கு நேராக யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"மெஷின்லதானே அண்ணே கோளாறு?" என்றார்.

"மெஷினில் ஒன்றும் இல்லை, தம்பி" என்று ஹாப்பரிலிருந்து ஒரு பிடி அள்ளி அழுத்தினேன். கையை விரித்த பிறகும் அது பிடித்த வடிவத்திலேயே நின்றது. அவ்வளவு ஈரம். 100 கிராம் எடுத்து ஓவன் அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்தோம். மிஞ்சியது 62 கிராம். அதாவது 38 விழுக்காடு தண்ணீர். உள்ளே இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டிய டைக்குள் நீராவியாகிறது. போக வழியில்லாமல் கட்டியைப் பிளந்துகொண்டு வருகிறது. எந்த நாட்டு பிரஸ்ஸாக இருந்தாலும் இதுதான் நடக்கும். அவரிடம் இருந்த பணம் முழுவதும் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. தூளைக் காயவைக்கும் டிரையருக்கு ஒரு வெள்ளிகூட ஒதுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 50 விழுக்காடு ஈரமுள்ள சீவலை 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து 1 டன் கட்டி எடுக்க வேண்டுமென்றால், 1.8 டன் சீவல் வேண்டும். 800 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2.26 மெகாஜூல் வெப்பம் போகும். 800 கிலோவுக்கு ஏறக்குறைய 500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இது ஏட்டுக் கணக்கு. எந்த டிரையரும் இதைவிடக் கூடுதலாகத்தான் கேட்கும். பிரஸ்ஸை ஓட்டுகிற செலவு இதன் பக்கத்தில்கூட வராது. ஆகவே உங்கள் ஃபேக்டரியின் உண்மையான திறன் டிரையர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீரை வெளியேற்றும் என்பதுதான். பிரஸ்ஸில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருப்பது அல்ல.

"இங்கேதான் வெயில் கொளுத்துதே, காயப்போட்டால் போச்சு" என்பார்கள். வெயில் இருக்கிறது, காற்றிலும் தண்ணீர் இருக்கிறது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் காற்றில் கூரைக்கு அடியில் கிடக்கும் மரத்தூள் 15 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கும். எத்தனை நாள் வைத்தாலும் அதற்குக் கீழே போகாது. இன்னொன்றும் உண்டு: டிரையரில் 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்த தூளை இரவு முழுக்கத் திறந்து போட்டால், காலையில் அது மறுபடியும் ஈரத்தை இழுத்திருக்கும். டிரையரிலிருந்து மூடிய கன்வேயர் வழியாக நேரே பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். முடிந்த கட்டியையும் அன்றைக்கே பிளாஸ்டிக் உறையில் கட்டிவிட வேண்டும்.

ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியை நம்ப வேண்டாம். அது பலகைக்குச் செய்தது. உதிரித் தூளில் தோன்றியதைக் காட்டும். விற்பனையாளர் சொல்லும் விழுக்காடு மொத்த எடையை வைத்தா, காய்ந்த எடையை வைத்தா என்றும் கேளுங்கள். அந்தத் தம்பியின் தூள் முதல் கணக்கில் 38, இரண்டாவது கணக்கில் 61. ஒரே தூள்தான்.

காய்ந்த நிலக்கரியைச் சாது என்று நினைப்பது

பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிக அதிகம். நெய்வேலியில் தோண்டி எடுக்கும்போது ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதைக் காயவைத்தால் எரிதிறன் கூடும். ஆனால் காய்ந்த பிறகு அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து தானாகவே சூடாகும். குவித்து வைத்தால் உள்ளே சூடு ஏறிப் புகைந்து, பற்றிக்கொள்ளும். டிரையரிலிருந்து வந்ததைச் சுடச்சுட மூட்டை கட்டவே கூடாது. ஆறவிடுங்கள், சிறு குவியலாக வையுங்கள், குவியலுக்குள் வெப்பமானி செருகித் தினமும் பாருங்கள்.

பைண்டராக மரவள்ளி மாவைப் பச்சையாகக் கலப்பது

மாவு வேகாமல் ஒட்டாது. சுடுநீரில் கூழாகக் கிண்டி, பசையானதும் கரித்தூளோடு பிசையுங்கள்.

பைண்டராகக் களிமண்ணை அள்ளிப் போடுவது

சாம்பல்தான் கூடும்.

கையில் கிடைத்த மரத்தையெல்லாம் அரைப்பது

பேலட்டின் பக்கவாட்டில் முத்திரை இருக்கும். அதில் ஹெச்டி என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, தொடாதீர்கள். பச்சை நிறத்தில் மருந்தேற்றிய வெளிப்புறப் பலகைகளில் ஆர்செனிக் இருக்கலாம். பெயின்ட் அடித்தது, லேமினேட் ஒட்டியது, பிவிசி கலந்தது எதுவும் வேண்டாம். யாரோ ஒருவர் இதில் கோழி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறார்.

உமிக்குத் திருகு பிரஸ் வாங்கிவிட்டு ஸ்பேர் திருகு வாங்காதது

உமியில் சிலிக்கா. திருகின் முனையை அரைத்துத் தள்ளிவிடும்.

கூலிங் லைனுக்கு இடம் விடாதது

பிஸ்டன் பிரஸ்ஸிலிருந்து வரும் கட்டி ஆறிக்கொண்டே நகரும் தடம்தான் கூலிங் லைன். அதற்கு பிரஸ்ஸின் முன்னால் பல மீட்டர் நீளம் காலியாக வேண்டும்.

தூசியை வெறும் அழுக்கு என்று விடுவது

2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் நடந்ததை நம் ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சூடான எண்ணெய் உறை கொண்ட கலவை இயந்திரம் ஒன்று வெடித்தது. அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவு காற்றில் கிளம்பித் தீப்பிழம்பாகப் பரவியது. 3 ஊழியர்கள் உயிரிழந்தார்கள். நாம் பைண்டருக்கு வைத்திருப்பதும் மாவுதான். அதோடு மரத்தூள், கரித்தூள் வேறு. மூன்றுமே காற்றில் மிதந்தால் வெடிக்கக்கூடியவை. தூசி உறிஞ்சியை முதல் நாளே பொருத்துங்கள். உத்தரத்தின் மேல் படிகிற தூளை வாரந்தோறும் எடுங்கள்; காற்றடித்து ஊதாதீர்கள், உறிஞ்சி எடுங்கள்.

அனுமதியைக் கடைசியில் கேட்பது

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடமும் குடிமைத் தற்காப்புப் படையிடமும் பேசுங்கள். அரசாங்கத் தொழிற்பேட்டை அமைப்பான ஜேடிசியின் இடமாக இருந்தால் அங்கே இந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். போகும்போது பொருளின் பெயர், ஓவன் அடுப்பில் வைத்து எடுத்த ஈரக் கணக்கு, எத்தனை டன் இருப்பு வைப்பீர்கள், டிரையருக்கு என்ன எரிபொருள் என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பிரஸ் விற்பவரிடமும் அதே தாளைக் கொடுத்து விலை கேளுங்கள்.