தலைசுற்றல் அடங்கிய விதம்

கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்கு எழுதுவது என் வேலை. ஏலம் சூடுபிடித்தால் எனக்கு மூச்சு வேகமாகும், விரல் நுனி மரத்துப்போகும், அப்புறம் தலை சுற்றும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு, "படபடப்பில் அதிகமாக மூச்சு விடுறீங்க" என்றார் டாக்டர்.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. வேகமாக மூச்சு விட்டால் மூளைக்குக் கூடுதல் ஆக்சிஜன் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று குறைகிறது. அது குறைந்தால் மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த ஓட்டமும் குறைகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் தெரியாமலா போகும்?

இப்போது செய்வது இதுதான்: வாயை மூடி, மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுகிறேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு வரும். நெஞ்சு முட்ட இழுக்க வேண்டாம், மெதுவாக என்பதே முக்கியம். சில நிமிடங்களில் விரல் மரப்பு விட்டுவிடுகிறது.

கூடவே 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பேன். மனக்கணக்குப் போடும்போது அந்த வேலையைச் செய்யும் மூளைப் பகுதிகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். எனக்கு அதைவிட, கவனம் பயத்தின் பக்கம் போகாமல் இருப்பதே பெரிய உதவி.

உட்கார்ந்தபடி செய்யுங்கள். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ இதெல்லாம் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.