ஜாஸ் கோர்ட்டுகளைக் காந்தாரத்திலும் நிஷாதத்திலும் தொடங்குங்கள்

கொழும்பில் கிற்றார் பழகியவர்கள் பலருக்குப் பைலாவுக்கு வாசிக்கும் சி, எஃப், ஜி 7 ஆகிய மூன்று கோர்ட்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) தூக்கத்திலும் கைக்கு வரும். ஜாஸ் பக்கம் திரும்பியதும் மைனர் 9, 13, ஃபிளாட் 13 என்று நீளும் பெயர்கள்தான் மலைப்பைத் தருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் ஒரு படம் என்று நானும் ஒரு வருடம் மனனம் செய்தேன். ஆனால் ஒரு பாடலையேனும் தடங்கலின்றி வாசிக்க என்னால் முடியவில்லை. கர்நாடக இசை கற்ற காதுக்கு இதைவிட நேரான வழி உண்டு.

ஜாஸ் கோர்ட்டின் குணத்தைத் தீர்மானிப்பவை காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) தான். அந்தர காந்தாரத்துக்கு அரைச்சுரம் கீழே சாதாரண காந்தாரம், காகலி நிஷாதத்துக்கு அரைச்சுரம் கீழே கைசிகி நிஷாதம். கோர்ட்டின் மூலச் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும் சேர்வது மேஜர் 7. அந்தர காந்தாரத்தோடு கைசிகி நிஷாதம் சேர்வது வெறும் 7. சாதாரண காந்தாரத்தோடு கைசிகி நிஷாதம் சேர்வது மைனர் 7. பஞ்சமத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். 1937இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவில் சேர்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு தாளக் கிற்றார் வாசித்த ஃபிரெடி கிரீன், இரண்டு மூன்று சுரங்களுக்கு மேல் தேடாமலே ஒரு பெரிய குழுவைத் தாங்கிப் பிடித்தவர்.

முதலில் டி மைனர் 7 (தடித்த தந்திதான் ஆறாம் தந்தி): ஐந்தாம் தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டை (கழுத்திலுள்ள கட்டத்தை) நடுவிரலாலும், நான்காம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட்டைச் சுட்டுவிரலாலும், மூன்றாம் தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டை மோதிரவிரலாலும் அழுத்துங்கள். அடுத்து ஜி 7: ஆறாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 4. இங்கே ஆறாம் தந்தியை அழுத்தும் விரலின் நுனி ஐந்தாம் தந்தியை இலேசாகத் தொட்டு அதன் ஒலியை அடக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கோர்ட் முழுவதும் கலங்கிவிடும். இறுதியாகச் சி மேஜர் 7: ஐந்தாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 2, மூன்றாம் தந்தியில் 4.

மூன்றையும் மெதுவாக மாற்றி வாசித்து, நடுவிலுள்ள இரண்டு தந்திகளை மட்டும் கவனியுங்கள். டி மைனரில் சாதாரண காந்தாரமாக ஒலித்த எஃப், நான்காம் தந்தியில் அசையாமல் இருந்தபடியே ஜி 7இன் கைசிகி நிஷாதமாகிவிடுகிறது. ஜி 7இன் அந்தர காந்தாரமான பி, அதேபோல மூன்றாம் தந்தியில் நின்றபடி சி மேஜர் 7இன் காகலி நிஷாதமாகிறது. கிரகபேதத்தில் ஷட்ஜம் இடம்மாறும்போது கிடைக்கும் அதே வியப்பு இது. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே நகர்வது ஒரேயொரு சுரம், அதுவும் ஒரேயொரு ஃப்ரெட் தூரம். இதைக் காது பிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு இரண்டாம் தந்தியைச் சேருங்கள். டி மைனரின்மேல் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் சதுஸ்ருதி ரிஷபம் சேர்ந்து மைனர் 9 கிடைக்கும். அந்த ஃப்ரெட்டை விடாமல் ஜி 7க்கு மாறினால், அதே சுரம் சதுஸ்ருதி தைவதமாகி 13ஐத் தரும். சி மேஜர் 7க்கு வரும்போது 3ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்கினால் மேஜர் 9. இடையில் ஜி 7இன்மேல் 5க்குப் பதிலாக 4ஆம் ஃப்ரெட்டை அழுத்திச் சுத்த தைவதத்தை ஒலித்தால், அதுவே ஃபிளாட் 13. அப்போது மேலே 5, 4, 3 என்று ஒரு மெல்லிய குரல் படியிறங்குவது கேட்கும். எனக்கு ஜாஸ் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, அதன் தட்டுகளை இரண்டாம், நான்காம் அட்சரங்களாக எண்ணிப் பழகுங்கள். சி சுருதியில் கை படிந்ததும் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று மத்திமம் மத்திமமாக நகர்ந்து 12 சுருதிகளையும் சுற்றி வாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரவில் பழகுபவர்கள் பெருவிரலின் சதையால் மீட்டினால் அயலாருக்கும் தொல்லையில்லை, உள்குரல்களும் தெளிவாகக் கேட்கும். கடற்காற்றில் உருக்குத் தந்திகள் விரைவில் துருப்பிடிப்பதால், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று: ஜி 7 வரும் இடத்தில் ஆறாம் தந்தியை விட்டுவிட்டு, ஐந்தாம் தந்தியில் 4ஆம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். மற்ற இரு சுரங்களும் அப்படியே இருக்க, கோர்ட் டி ஃபிளாட் 7 ஆகிவிடும். எஃப் இப்போது காந்தாரம், பி நிஷாதம். அடித்தந்தி 5, 4, 3 என்று வழுக்கிக்கொண்டு சியில் வந்து அமரும்.