நுரையீரலில் கட்டியா? பழைய எக்ஸ்ரேவைத் தூக்கிப் போடாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், சளியில் ரத்தம், காரணமே இல்லாமல் எடை குறைவது, குரல் கம்மிப் போவது. இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்த்து முதலில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். நான் மதுரைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. மெஷின் ஓட்டுகிறவன். படம் எடுப்பது என் வேலை, படித்து ரிப்போர்ட் கொடுப்பது ரேடியாலஜிஸ்ட் வேலை. கத்தி வைக்காமல், ஊசி குத்திச் சதை எடுக்காமல் நுரையீரல் புற்றுநோயை எந்த அளவுக்குக் கண்டுபிடிக்கலாம், அதற்கு நம் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே சொல்கிறேன்.

எக்ஸ்ரேவுக்கு வரும்போது செயின், தாயத்து, பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெண்கள் பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். தோளில் தொங்கும் பின்னல் நுரையீரல் உச்சியில் ஒரு நிழலாக விழும், வீண் பயம். தோளை முன்னால் தள்ளச் சொல்வது தோள்பட்டை எலும்பு படத்தை மறைக்காமல் இருக்க. மூச்சை முழுதாக இழுத்து அடக்குங்கள். இவ்வளவு செய்தாலும் இதயத்துக்குப் பின்னால், காறை எலும்புக்குக் கீழே இருக்கிற கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடும். புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எக்ஸ்ரே நார்மல் என்றே வரும். அதனால் எக்ஸ்ரே நன்றாக இருந்தும் சளியில் ரத்தம் நிற்கவில்லை என்றால், சி.டி. எடுக்கலாமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது சளி. நம் ஊரில் நெஞ்சில் நிழல் தெரிந்தால் முதல் சந்தேகம் டி.பி. மேல்தான், அது நியாயமும்கூட. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலை நிரப்பிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. அதே சளியில் புற்று அணுக்களையும் பார்க்கலாம், அதற்கு சைட்டாலஜி என்று தனியாக எழுதித் தர வேண்டும். பொதுவாக மூன்று நாள் காலைச் சளி கேட்பார்கள். மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டி இதில் அகப்படும், ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் அகப்படாது. சளியில் கிருமி தெரியாமல் படத்தை மட்டும் வைத்து டி.பி. மாத்திரை ஆரம்பித்திருந்தால், இரண்டு மாதம் ஆகியும் நிழல் குறையாதபோது பேசாமல் மாத்திரையைத் தொடராதீர்கள். டாக்டரிடம் போய் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, சி.டி. அறிகுறி எதுவும் இல்லாமல் நெடுநாள் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. என்று ஒன்று உண்டு. சாதாரண நெஞ்சு சி.டி.யில் 7 மில்லிசீவர்ட் போல என்றால் இதில் ஒன்றரைதான். அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இது எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. 50 முதல் 80 வயது, தினம் 20 சிகரெட் வீதம் 20 வருஷம் புகைத்தவர், விட்டு 15 வருஷம் தாண்டாதவர் இதை எடுக்கலாம் என்பது இப்போது அமெரிக்காவில் பின்பற்றும் ஒரு கணக்கு. நம் கடையில் பத்து சிகரெட் பெட்டிதான் அதிகம் போகும், அதில் தினம் இரண்டு பெட்டி என்று கணக்குப் போடுங்கள். விறகடுப்பில் சமைத்த அம்மாக்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். புகைக்காதவர் என்பதற்காக அறிகுறியைத் தள்ளிப்போடக் கூடாது. டி.பி. தழும்பு நிறைந்த ஊர் என்பதால் இங்கே வீண் எச்சரிக்கையும் கூடுதலாக வரும்.

சி.டி. ரிப்போர்ட்டில் நோடியூல் (நுரையீரலில் தெரியும் சின்ன உருண்டைக் கட்டி) என்று எழுதியிருந்தால் அளவைப் பாருங்கள். 6 மி.மீ.க்குக் கீழே, ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவருக்கு மறு ஸ்கேன்கூட வழக்கமாகத் தேவைப்படாது. 6 முதல் 8 என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி. 8ஐத் தாண்டினால்தான் பெட் ஸ்கேன் (கதிர்வீச்சு கலந்த சர்க்கரை மருந்தை ஊசியில் போட்டு, ஒளிரும் இடத்தைப் பார்க்கும் படம்), பயாப்ஸி (துணுக்குச் சதை எடுத்துப் பார்ப்பது) பேச்சு வரும். முள் முள்ளாக விளிம்பு இருந்தால் சந்தேகம் கூடும். நடுவில் கெட்டியாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் பழைய தழும்பு.

இங்கேதான் பழைய படம் வேலை செய்கிறது. 8 மி.மீ. 10 ஆனால் பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் கன அளவில் அது இரண்டு மடங்கு. கெட்டியான நோடியூல் இரண்டு வருஷமாக அப்படியே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. தேய்த்த கண்ணாடி போல வெளிறித் தெரியும் கிரவுண்ட் கிளாஸ் வகை மெதுவாக வளரும், அதை ஐந்து வருஷம் வரை பார்ப்பார்கள். ஆகவே வீட்டில் தேடுங்கள்: கொரோனா சமயத்தில் எடுத்த சி.டி., வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போனபோது எடுத்த எக்ஸ்ரே, ஆபரேஷனுக்கு முன் எடுத்தது. பீரோ மேலே சுருட்டி வைத்திருப்பீர்கள். சி.டி. எடுத்த இடத்தில் ஃபிலிமோடு நிற்காமல் டிஸ்க்கும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் பொறுக்கிய படங்கள்தான் இருக்கும், டிஸ்க்கில்தான் எல்லா மெல்லிய வெட்டும் இருக்கும். ஃபிலிமைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி அளவு கேட்காதீர்கள், யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே முடிந்ததும் நேராகப் பெட் ஸ்கேனுக்கு ஓடுவது பல சமயம் காசைக் கரைக்கிற வேலை. 8 மி.மீ.க்குக் கீழே அது நம்பகமாகக் காட்டாது. டி.பி. புண்ணும் அதில் பளிச்சென்று ஒளிரும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆறு மணி நேரம் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரை 200க்குக் கீழே இருக்க வேண்டும். முதல் நாள் ஓட்டம், கனம் தூக்குவது வேண்டாம். மருந்து போட்ட பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், அதனால் சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். அன்றைக்குக் கைக்குழந்தையைத் தூக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் சி.ஈ.ஏ. (சில புற்றுநோய்களில் கூடும் ஒரு புரதம்) கூடியிருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், புகைப்பவர்களுக்கே கூடும். லிக்விட் பயாப்ஸி ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. புற்றுநோய் உறுதியானவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா, அதற்கான மாத்திரை கேட்குமா என்று அறிய நல்ல உதவி. அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமாகாது.

இவ்வளவும் பார்த்த பிறகும், எந்த வகைப் புற்று, என்ன மருந்து என்று முடிவுசெய்யப் பெரும்பாலும் ஒரு துணுக்குச் சதை வேண்டும். அந்தப் பயாப்ஸி ஊசிக்குப் போகிற நாளில் பழைய படங்கள், டிஸ்க், சளி ரிப்போர்ட் மூன்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சில நாள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.