கோல்டு ஏர் இன்டேக்: முதல்முறை மாட்டுபவர்களுக்கு

கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டரும் மாட்டுவதுதான் கோல்டு ஏர் இன்டேக். மாட்டியதும் கார் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சினில் கூடும் பவர் மிகக் கொஞ்சம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும் உறுமல்தான் பெரிய வித்தியாசம். காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும், அவ்வளவுதான் இதன் கணக்கு. சிங்கப்பூர் மதியத்தில் வெளிக்காற்றே 32 டிகிரி. பானட்டுக்குள் கொதிக்கும் காற்றை ஃபில்டர் இழுத்தால் கம்பெனி பெட்டியே தேவலை.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்க வேண்டியவை, அறவே கூடாதவை என்று பிரித்திருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். வாரண்டி பற்றி டீலரிடமும் கேளுங்கள். கழற்றிய பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது கேட்பார்கள்.

10 மிமீ சாக்கெட், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மைனஸ் ஸ்க்ரூடிரைவர், பிளையர், சுத்தமான துணி போதும். புதியவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும்; பம்பரைக் கழற்ற வேண்டிய கிட் என்றால் அரை நாள்.

கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காற்றுக் குழாயில் இருக்கும் சென்சார் பிளக்கின் நாக்கை அழுத்தி, பிளக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. எஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் கொண்டுவரும் சிறிய பிரீதர் குழாயை உருவி, கிளாம்ப்பைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றினால் பெட்டி மேலே வந்துவிடும். எஞ்சினுக்குள் காற்று நுழையும் த்ராட்டில் வாய் திறந்து கிடக்கும், அதைத் துணியால் அடையுங்கள். துணியில் பாதி வெளியே தொங்கட்டும், அப்போதுதான் எடுக்க மறக்காது.

எம்ஏஎஃப் சென்சார்

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். உள்ளே வரும் காற்றை அளப்பது இந்தச் சென்சார். அதை வைத்துத்தான் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. சென்சார் உட்காரும் இடத்தில் புதுக் குழாயின் உள்விட்டம் பழையதைவிடப் பெரிதாக இருந்தால் காற்று மெதுவாகப் போகும். கம்ப்யூட்டர் குறைவாகக் கணக்கிட்டு பெட்ரோலைக் குறைக்கும், பெட்ரோல் போதவில்லை என்று காட்டும் பி0171 என்ற பிழைக் குறியீட்டுடன் எஞ்சின் விளக்கு எரியும். ஆகவே வாங்கும்போதே இரண்டையும் அளந்து பாருங்கள்.

இரண்டு திருகையும் கழற்றிச் சென்சாரை நேராக உருவுங்கள். உள்ளே முடிபோல் இருக்கும் கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மடங்காமல், அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கும்படி புதுக் குழாயில் பொருத்துங்கள். எண்ணெய் தடவும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அதுவும் இந்தக் கம்பியில்தான் போய்ப் படியும்.

மாட்டுதல்

எதையும் உடனே இறுக்க வேண்டாம். துணியை எடுத்துவிட்டு, சிலிக்கான் ஹோஸ், குழாய், ஃபில்டர் மூன்றையும் தளர்வாகக் கோத்து இடம் பாருங்கள். ரப்பர் மவுண்ட்டில் எஞ்சின் ஆடும், அதனால் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பிறகு த்ராட்டில் பக்கமிருந்து இறுக்கி வாருங்கள். கிளாம்ப் ஓட்டைகளில் சிலிக்கான் பிதுங்கினால் அளவு மீறிவிட்டது. பிரீதர் குழாயையும் பிளக்கையும் மறக்காமல் மாட்டி, கடைசியில் பேட்டரி.

ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஆர்பிஎம் ஏறி இறங்கினாலோ 'உஸ்' சத்தம் கேட்டாலோ, சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் பிரீதர் குழாய்தான். ஒரு வாரம் ஓட்டியபின் கிளாம்ப்புகளை மறுபடி இறுக்குங்கள்.

ஃபில்டர் எங்கே?

பம்பருக்குக் கீழே வைத்தால் காற்று குளிர்ச்சிதான். ஆனால் திடீர் வெள்ளம் வரும் ஊர் இது. புக்கிட் தீமா சாலையில் ஒரு மணி நேர மழையே போதும். ஃபில்டர் முங்கினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உயரமாக, எஞ்சின் சூடு ஃபில்டரில் படாமல் மறைக்கும் தகட்டோடு வரும் கிட்டையே வாங்குங்கள். தாழ்வான கிட் ஏற்கெனவே மாட்டியிருந்து, தேங்கிய நீரில் கார் நின்றுபோனால், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.