ஞாயிற்றுக்கிழமை உழவுக்கு எத்தனை எச்.பி. டிராக்டர்?

மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் இரண்டு மூன்று ஏக்கரில் நெல் போடுகிறவர்கள் உண்டு. டிராக்டர் என்றதும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கருவியை மாட்டப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால்தான் சரியான எச்.பி. (குதிரைத்திறன்) கிடைக்கும்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

புழுதி உழவு, சேடை (தண்ணீர் கட்டி மண்ணைச் சேறாக்குவது), நெல் மூட்டையைச் செங்குன்றம் ரைஸ் மில்லுக்கு ஏற்றிப்போவது என எல்லாவற்றையும் எழுதுங்கள். அதிக பலம் கேட்கும் வேலைதான் கணக்கு. நெல் வயலில் அது பெரும்பாலும் ரோட்டாவேட்டர், அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி. நிலம் ஒரு ஏக்கருக்குள் என்றால் வாங்கவே வேண்டாம். வேளாண் பொறியியல் துறையே டிராக்டர் வாடகைக்குத் தருகிறது.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

பகுதி நேர விவசாயிக்கு இதுதான் முக்கியம். மழை பெய்து ஈரம் பதமாக இருக்கும்போது லீவு கிடைக்காது. கிடைக்கிற ஒரு நாளில் வேலை முடிந்தாக வேண்டும்.

5 அடி ரோட்டாவேட்டர் சுமார் 1.5 மீட்டர் அகலம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 4,500 சதுர மீட்டர். திரும்புவதற்கும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 3,600. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அதாவது ஒரு சால் (ஒரு முறை முழுவதும்) ஓட்ட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே ஏக்கருக்கு 4 அடி கருவி என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மூன்று ஏக்கரை இரண்டு சால் ஓட்டிப் பாருங்கள், இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும்.

படி 3: பி.டி.ஓ. பலத்தைக் கேளுங்கள்

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இன்ஜின் எச்.பி. ரோட்டாவேட்டரைச் சுற்றுவது பின்னால் உள்ள, இன்ஜின் பலத்தைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேர்வது பொதுவாக 85 முதல் 90 சதவீதம்தான். எனவே அந்த எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். 4 அடிக்கு 25 முதல் 30 எச்.பி. இன்ஜின், 5 அடிக்கு 40 முதல் 45 என்று வைத்துக்கொள்ளலாம். களிமண் நிலம் என்றால் மேல் எண்ணையே எடுங்கள். திணறுகிற இன்ஜின் டீசலையும் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும்.

படி 4: எடை, பாதை

மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுக்கவும் நிறுத்தவும் எடை வேண்டும். சேற்றில் அதே எடை வண்டியைப் புதைக்கும்; சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வரப்பு வழி எத்தனை அடி அகலம் என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

படி 5: உங்கள் நிலத்திலேயே ஓட்டிப் பாருங்கள்

ஷோரூம் வாசலில் எந்த டிராக்டரும் நன்றாகத்தான் ஓடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரோட்டாவேட்டரோடு வயலுக்கு வரச் சொல்லுங்கள். பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்றில் வைத்து, தேவையான ஆழத்துக்கு இறக்கி ஓட்டுங்கள். சத்தம் அமுங்கிக் கரும்புகை தொடர்ந்து வந்தால் ஒன்று கருவியின் அகலத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அடுத்த எச்.பி. மாடலைப் பாருங்கள்.