ராத்திரி வியர்வையா? முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள்

மாதவிடாய் நிற்கும் வயது, கூடவே சர்க்கரை நோய். ராத்திரி திடீரென வியர்த்து நெஞ்சு படபடத்தால் உடனே இனிப்பைச் சாப்பிட வேண்டாம். முதலில் குளுக்கோமீட்டரில் (வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி) பாருங்கள். மாதவிடாய் நிற்கும்போது வரும் உடல்சூடும் சர்க்கரை இறங்குவதும் ஒரே மாதிரிதான் இருக்கும், பிரித்துக் காட்டுவது அந்த எண் மட்டுமே. 70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மேலே என்றால் ஃபேன் காற்றும் பானைத் தண்ணீரும் போதும். தேவையில்லாத இனிப்பு சர்க்கரையைத்தான் ஏற்றும்.

எண்களை நோட்டில் குறித்து, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் (2021-ல் நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில் தொடங்கியதுதான்) மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் காட்டுங்கள்.

இன்சுலின் போடுகிறவர், கையில் கருவி இல்லை என்றால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேராக 108.